இறங்கிய பின்னும் தொடரும் பொறுப்பு

டிராக்டரால் நேரும் சாவுகளில் ஒரு பகுதி, வண்டியை யாரும் ஓட்டாத நேரத்தில் நேர்கிறது. கரைச் சரிவில் நிறுத்திய வண்டி தானாக உருண்டு வாய்க்காலில் இறங்குகிறது. கியரில் கிடந்த வண்டியைக் கீழே நின்றபடி ஸ்டார்ட் செய்தவர்மேல் அதன் பின்சக்கரமே ஏறுகிறது. தூக்கி நிறுத்திய ரோட்டவேட்டருக்கு அடியில் புகுந்து கத்தியின் போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தவர்மேல் அது இறங்கிவிடுகிறது. களத்தில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை இருக்கையில் ஏறி ஒரு நெம்புகோலைத் தள்ளிவிடுகிறது. இவற்றில் எதிலும் கொல்லும் எண்ணம் யாருக்கும் இருந்ததில்லை. இறந்தவர் பல சமயம் வண்டிக்காரரின் சொந்தப் பிள்ளை, அல்லது கூடவே வேலை செய்தவர். துக்க வீட்டில் கூடியவர்கள் எல்லோரும் சொல்லும் ஒரு சொல் உண்டு: விதி.

அந்தச் சொல்லுக்குள் சமயங்கள் நெடுங்காலமாக எடுத்துப் பேசிய ஒரு கேள்வி இருக்கிறது. எண்ணமே இல்லாமல் நேர்ந்த தீங்குக்குப் பொறுப்பு உண்டா? உண்டென்றால் அந்தப் பொறுப்பு எந்தக் கணத்தில் தொடங்குகிறது? இந்தியச் சமயங்களும் யூத, இஸ்லாமிய மரபுகளும் இதற்குத் தந்த விடைகள் பெரும்பாலும் வண்டி, மாடு, குழி, கோடரி, ஒட்டகம் ஆகியவற்றை வைத்தே சொல்லப்பட்டவை. உழவும் போக்குவரத்தும் செய்த மக்களின் அன்றாட ஆபத்துகளிலிருந்து எழுந்தவை அவை. ஆகவே டிராக்டருக்கு அவற்றைப் பொருத்திப் பார்ப்பதில் வலிந்து செய்வது எதுவும் இல்லை.

முதலில் வண்டி ஏன் நகர்கிறது என்பது தெளிய வேண்டும். காரணம் தெரிந்தால்தான் விதிக்கு எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று பார்க்க முடியும்.

நம் வயல்களில் ஓடும் பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரங்களுக்கு மட்டுமே உண்டு. இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என இரண்டு மிதிகள். வரப்போரத்தில் குறுகத் திரும்பும்போது ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் பிடித்து நிறுத்த வேண்டியிருப்பதால் இந்த ஏற்பாடு. சாலைக்கு ஏறும்போது இரண்டு மிதிகளையும் கொக்கியால் இணைத்துவிட வேண்டும். பல மாடல்களில் ஹேண்ட் பிரேக் தனிப் பிரேக் அல்ல. மிதித்த மிதிகளை மிதித்த நிலையிலேயே பூட்டி வைக்கும் நெம்புகோல்தான் அது. எனவே பிரேக் தேய்ந்த வண்டியில் ஹேண்ட் பிரேக்கும் தேய்ந்ததே. கொக்கி போடாமல் ஒரு மிதியை மட்டும் பூட்டினால் ஒரு சக்கரம்தான் பிடிக்கும்.

இன்ஜினை நிறுத்திக் கியரில் விட்டால் போதும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. டீசல் இன்ஜினின் அமுக்கம் சக்கரத்தை ஓரளவு பிடித்து வைக்கும் என்பது உண்மை. பிஸ்டன் வளையம் தேய்ந்த பழைய இன்ஜினில் அந்த அமுக்கம் கசிந்துவிடும். பின்னால் கரும்போ மணலோ ஏற்றிய டிரெய்லர் இழுக்க, வண்டி கொஞ்சம் கொஞ்சமாக நகரும். கியர் முழுதாக விழாமல் இருந்தால் ஒரு கை பட்டாலே நியூட்ரலுக்கு வந்துவிடும். சக்கரத்துக்குக் கட்டை கொடுக்காமல் சரிவில் நிறுத்தும் எந்த முறையும் அரைகுறையானது.

கீழே நின்று ஸ்டார்ட் செய்வது இன்னும் கொடியது. கிளட்சை மிதித்தாலோ கியர் நியூட்ரலில் இருந்தாலோ மட்டுமே ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் போகும்படி ஒரு பாதுகாப்பு சுவிட்ச் பல டிராக்டர்களில் வைக்கப்படுகிறது. அது பழுதானால் புதிதாகப் போடாமல் வயரை நேராக இணைத்துவிடுகிறார்கள். சாவித் துளை கெட்டுப்போன வண்டியில் ஸ்க்ரூடிரைவரால் ஸ்டார்ட்டரின் இரண்டு முனைகளையும் தொடுத்து இன்ஜினை எழுப்புகிறார்கள். அப்படிச் செய்பவர் நிற்கும் இடம் பெரிய பின்சக்கரத்துக்கு நேர் முன்னால். வண்டி கியரில் இருந்தால் அவருக்கு விலக நேரம் கிடையாது. ஹைட்ராலிக் அழுத்தத்தால் கிளட்ச் பிடிக்கும் வகை வண்டிகளில் ஆபத்து இரட்டிப்பு: அழுத்தம் ஏறும்வரை வண்டி அசையாமல் நிற்கும், நியூட்ரலில்தான் இருக்கிறது என்று நிற்பவர் நம்பிய பிறகு பாயும்.

தூக்கிய கருவியைத் தாங்குவது எண்ணெய் அழுத்தம் மட்டுமே. ஹாரி ஃபெர்குசன் உருவாக்கிய மூன்று புள்ளி இணைப்பு உழவை எளிதாக்கியது. ஆனால் இன்ஜின் நின்ற பிறகும் அந்த இணைப்பில் தொங்கும் கருவி, ஒரு சீல் கசிந்தாலோ யாராவது நெம்புகோலைத் தொட்டாலோ இறங்கிவிடும். கருவிகளுக்கு விசை தரும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றுகிறது, அதாவது வினாடிக்கு 9 சுற்று. துண்டின் நுனியோ சேலைத் தலைப்போ சிக்கினால் கத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

பிரிட்டனின் தொழிலிடப் பாதுகாப்பு நிர்வாகம், வண்டியை விட்டு இறங்குகிறவர் செய்ய வேண்டியவற்றை நான்காகச் சுருக்கிச் சொல்கிறது. ஹேண்ட் பிரேக்கை முழுதாகப் போடுவது, கியரையும் மற்றக் கட்டுப்பாடுகளையும் நியூட்ரலுக்குக் கொண்டுவந்து கருவியைத் தரையில் இறக்குவது, இன்ஜினை நிறுத்துவது, சாவியைக் கையில் எடுத்துக்கொள்வது. நம் ஊர்ச் சரிவுகளுக்கு ஐந்தாவதாகச் சக்கரக் கட்டையையும் சேர்க்க வேண்டும். எல்லாம் சேர்ந்து ஒரு நிமிடம்கூட ஆகாது. அறம் பற்றிய கேள்வி முழுவதும் இந்த ஒரு நிமிடத்தைப் பற்றியதுதான்.

விதி என்ற விடைக்கு வலுவான சமயச் சான்றாகக் காட்டப்படக்கூடியது, மகாபாரதத்தின் அனுசாசன பருவத் தொடக்கத்தில் வரும் கௌதமியின் கதை. பாம்பு கடித்து அவள் மகன் இறந்துவிடுகிறான். அர்ச்சுனகன் என்ற வேடன் அந்தப் பாம்பைப் பிடித்துக் கட்டிக்கொண்டுவந்து கொல்லட்டுமா என்று கேட்கிறான். பாம்பு, தான் கருவி மட்டுமே, அனுப்பியவன் மிருத்யு என்கிறது. மிருத்யு வந்து, தன்னை ஏவியது காலம் என்கிறான். காலம் வந்து, சிறுவனைக் கொன்றது அவனுடைய கர்மமே என்று முடிக்கிறது. கௌதமி அதை ஏற்றுப் பாம்பை விடுவிக்கச் சொல்கிறாள்.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது, விதியை ஏற்றுக்கொள்கிறவர் யார் என்பது. பிள்ளையை இழந்த தாய் ஏற்றுக்கொள்கிறாள். அந்த ஏற்பு அவளைப் பழிவாங்கும் நெருப்பிலிருந்து காப்பாற்றுகிறது. அதே வாதத்தைக் கடித்த பாம்பு சொல்லும்போது வேடன் ஒப்புக்கொள்ளவில்லை. கருவியும் காரணம்தான் என்று அவன் திரும்பத் திரும்ப எதிர்க்கிறான், கதையும் அவனுக்குப் பேச நிறைய இடம் தருகிறது. கதையைச் சொல்பவர் பீஷ்மர், கேட்பவர் போர் முடிந்தபின் குற்ற உணர்வில் உழலும் தருமர். நடந்து முடிந்ததை எண்ணி உடைந்துபோன ஒருவருக்குச் சொல்லப்பட்ட ஆறுதல் அது. நடக்கப்போவதற்கு முன்னால், ஹேண்ட் பிரேக் போடாமல் இறங்குகிறவருக்குத் தரப்பட்ட அனுமதி அல்ல. இழந்தவர் வாயில் விதி ஆறுதலாகும். காரணமானவர் வாயில் அது தப்பித்தல். இந்த வேறுபாட்டைத் தவறவிட்டதால்தான் விதிக் கொள்கைமீது சோம்பேறித்தனம் என்ற பழி விழுந்தது.

செயலின் காரணங்களைக் கணக்கெடுக்கும் இடத்தில் பகவத்கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் இன்னும் துல்லியமாகப் பேசுகிறது. எந்தச் செயலும் நிறைவேற ஐந்து காரணங்கள் வேண்டும் என்கிறது அது: செயலுக்கு நிலைக்களன், செய்பவன், கருவிகள், பலவகை முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். உரைகாரர்கள் நிலைக்களனை உடல் என்றும் கருவிகளைப் புலன்கள் என்றும் விளக்குவார்கள். அந்தப் பகுப்பின் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலும் போதும். உருண்ட டிராக்டரில் நிலம் சரிவாக இருந்தது, ஓட்டுநர் இறங்கினார், பிரேக் தேய்ந்திருந்தது, கட்டை வைக்கும் முயற்சி நடக்கவில்லை. நான்கும் மனிதரின் பொறுப்புக்குள் வருபவை. அந்தச் சமயத்தில் அங்கே ஒரு குழந்தை வந்ததே, அது ஒன்றுதான் யாருடைய கணக்கிலும் வராதது. தெய்வத்தின் பங்கை மறுக்காத கீதை, அதை ஐந்தில் ஒன்றாகவே வைக்கிறது.

சரக சம்ஹிதை இதைவிட நேராக வண்டியையே உவமையாக எடுக்கிறது. மனித ஆயுள் முன்பே வரையறுக்கப்பட்டதா, அகால மரணம் என்று ஒன்று உண்டா என்று அக்னிவேசன் கேட்கிறான். ஆத்ரேயர் வண்டியின் அச்சைக் காட்டி விடை சொல்கிறார். நல்ல அச்சு, முறையாகப் பயன்பட்டால் தன் காலம் முழுதும் உழைத்துத் தேய்ந்து முடியும். அதே அச்சு அதிகச் சுமையாலும், மேடுபள்ளமான வழியாலும், சக்கரம் உடைவதாலும், இழுக்கும் மாட்டின் அல்லது ஓட்டுபவனின் குறையாலும், கடையாணி கழல்வதாலும், மசகு போடாததாலும் பாதியில் முறியும். மனித ஆயுளும் அப்படியே என்கிறார். மருத்துவ நூல் ஒன்று, எல்லாச் சாவும் விதித்த நேரத்தில்தான் வருகிறது என்ற கொள்கையை இப்படி மறுத்திருப்பது இந்தியச் சிந்தனையில் பெரிய நிகழ்வு. எல்லாமே விதித்தபடி என்றால் மருத்துவனுக்கு வேலை இல்லை. பிரேக்கைச் சரிசெய்யும் மெக்கானிக்குக்கும் இல்லை.

திருக்குறளிலும் இந்த இரண்டு பக்கமும் உண்டு. அறத்துப்பாலின் முடிவில் ஊழுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கிய வள்ளுவர், பொருட்பாலில் ஆள்வினையுடைமைக்கும் பொச்சாவாமைக்கும் தனித்தனி அதிகாரங்கள் தந்திருக்கிறார். பொச்சாவாமை அதிகாரம் கண்டிப்பது, மகிழ்ச்சியின் மிதப்பில் கடமையை மறந்துபோகும் குணத்தை. எல்லை மீறிய கோபத்தைவிடவும் அது கெட்டது என்று அவர் வைக்கிறார். இயந்திர விபத்துகளை அறிந்தவர்களுக்கு இந்த வரிசை விளங்கும். புதிதாக ஓட்டப் பழகுகிறவன் பயந்து பயந்து கட்டை வைப்பான். இருபது வருடம் ஓட்டியவருக்குத்தான் 'ஒன்றும் ஆகாது' என்ற தைரியம் வரும்.

எண்ணம் என்ற அளவுகோலைப் பௌத்தம் முதன்மையாக வைக்கிறது. சேதனை, அதாவது மனத்தின் ஏவுதல், அதுவே கர்மம் என்பது புத்தரின் போதனை. அப்படியென்றால் எண்ணமில்லாத சாவில் குற்றமே இல்லையா? பாலி விநய பிடகத்தில் இதற்கு நேரடியான ஒரு வழக்கு இருக்கிறது. பிச்சைக்குப் போன துறவி ஒருவர் ஒரு வீட்டில் இருக்கையில் அமர்கிறார். அதன்மேல் கிடந்த துணிக்கு அடியில் ஒரு குழந்தை இருந்தது அவருக்குத் தெரியாது. குழந்தை நசுங்கி இறந்துவிடுகிறது. சங்கத்திலிருந்தே நீக்கும் கொலைக் குற்றம் இது அல்ல என்று புத்தர் தீர்க்கிறார். அத்தோடு நிறுத்தவில்லை. இனி எந்தத் துறவியும் இருக்கையைப் பார்க்காமல் அமரக் கூடாது, அமர்ந்தால் அது குற்றம் என்று ஒரு புதிய விதியையும் வகுக்கிறார்.

இந்தத் தீர்ப்பின் நுட்பம் வியக்கத்தக்கது. நடந்ததற்குக் கொலைப்பழி இல்லை. ஆனால் பார்க்காமல் அமர்வது இன்றுமுதல் குற்றம், அடியில் குழந்தை இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஒரு சாவிலிருந்து ஒரு நடைமுறை பிறக்கிறது. பாதுகாப்பு விதிகள் எல்லாமே இப்படித்தான் வந்திருக்கின்றன. வண்டியை எடுக்கும் முன் ஒரு சுற்று சுற்றி வந்து, சக்கரத்துக்கு முன்னும் பின்னும், டிரெய்லருக்கு அடியிலும் பார்த்துவிட்டு ஏற வேண்டும் என்ற விதி, அந்தத் துறவிகளுக்கு இடப்பட்ட விதியின் நேர் வாரிசு.

சமணம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்கும்போதே கவனமின்மையை அதன் உள்ளே வைக்கிறது: பிரமாதம், அதாவது அசட்டை, அதன் வயப்பட்ட செயலால் உயிரைப் பறிப்பது இம்சை. பகையோ கோபமோ இல்லாவிட்டாலும் அசட்டை ஒன்றே போதும். குந்தகுந்தர் தம் பிரவசனசாரத்தில் இதை முடிவுவரை கொண்டுசெல்கிறார். உயிர் இறந்தாலும் இறக்காவிட்டாலும் கவனமில்லாமல் நடந்தவன் இம்சை செய்தவனே. கவனத்தோடு நடந்தவனுக்கு, உயிர் இறந்தாலும் அந்த நிகழ்ச்சி மாத்திரத்தால் வினை ஒட்டாது.

துறவிகளுக்குச் சமணம் வகுத்த ஐந்து சமிதிகளில் ஒன்று, பொருள்களை எடுப்பதிலும் வைப்பதிலும் காட்ட வேண்டிய கவனம். ஒரு கமண்டலத்தைத் தரையில் வைக்கும் முன் அந்த இடத்தைப் பார்த்து, மயிற்பீலியால் வருடிவிட்டு வைக்க வேண்டும். வைப்பதும் ஒரு செயல், அதற்கும் அறம் உண்டு என்ற இந்த எண்ணம் வேறெங்கும் இவ்வளவு தெளிவாகச் சொல்லப்படவில்லை. நடப்பதையும் ஓட்டுவதையும் மட்டும் செயலாகக் கருதுவது பொதுவான வழக்கம். நிறுத்துவதும், இறங்குவதும், விட்டுப்போவதும் செயல்கள் என்பதைச் சமணம் அறிந்திருந்தது. வந்தவாசி அருகே பொன்னூர் மலையைக் குந்தகுந்தரோடு தொடர்புபடுத்துவது தமிழ்ச் சமணர் மரபு. அந்தச் சமூகத்தினர் பலர் தலைமுறைகளாக உழவர்கள். உழும்போது புழுபூச்சி சாவதைத் தவிர்க்க முடியாது என்பதை அவர்கள் சமயம் ஒப்புக்கொண்டு, இல்லறத்தாரின் தொழிலில் தவிர்க்க இயலாத இம்சையைத் திட்டமிட்ட இம்சையிலிருந்து பிரித்து வைக்கிறது. அசட்டைக்கு அந்தச் சலுகை கிடையாது.

யூத மரபு இதே கேள்வியைச் சட்டமாகவே எழுதியது. முட்டும் மாடு பற்றி யாத்திராகமத்தின் 21-ஆம் அதிகாரம் இரண்டு நிலைகளைப் பிரிக்கிறது. ஒரு மாடு திடீரென்று முட்டி ஆளைக் கொன்றால் மாடு கொல்லப்படும், உரிமையாளர்மேல் குற்றமில்லை. அது முட்டும் மாடு என்று முன்பே தெரிந்து, எச்சரிக்கப்பட்டும் கட்டி வைக்காமல் விட்டிருந்தால் உரிமையாளரும் தண்டனைக்கு உரியவர். ஹேண்ட் பிரேக் பிடிக்காது என்று ஊருக்கே தெரிந்த வண்டிக்கு இந்தச் சட்டம் அப்படியே பொருந்தும். அதே அதிகாரம், குழி தோண்டி மூடாமல் விட்டவனை அதில் விழுந்த மாட்டுக்கு ஈடு கட்டச் சொல்கிறது. உபாகமம் புது வீடு கட்டுகிறவனை மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்பச் சொல்கிறது, யாராவது விழுந்தால் அந்தப் பழி வீட்டின்மேல் வரும் என்பதற்காக. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றோரம் டிராக்டரைப் பின்வாங்கி உயிர்கள் போவதை அறிந்த தமிழ்நாட்டு உழவருக்கு இவ்விரண்டு விதிகளும் அந்நியமாகத் தோன்றாது. மரம் வெட்டும்போது காம்பிலிருந்து கோடரி கழன்று கூட வந்தவன் இறந்தால், வெட்டியவன் அடைக்கலப் பட்டணத்துக்கு ஓடிப் பிழைக்கலாம் என்பதும் உபாகமத்தில்தான் இருக்கிறது. எண்ணமில்லாதவனைக் கொலைகாரனிடமிருந்து பிரித்துக் காக்கும் இரக்கமும், முன்கூட்டியே தடுக்கச் சொல்லும் கண்டிப்பும் ஒரே நூலில் அருகருகே நிற்கின்றன.

இஸ்லாத்தில், தவறுதலாக நேர்ந்த கொலைக்குக் குர்ஆனின் நான்காம் அத்தியாயம் பரிகாரம் சொல்கிறது. ஓர் அடிமையை விடுதலை செய்வதும் இறந்தவர் குடும்பத்துக்கு ஈட்டுத்தொகை தருவதும் கடமை. அடிமையை விடுவிக்க இயலாதவர் தொடர்ந்து இரண்டு மாதம் நோன்பிருக்க வேண்டும். எண்ணம் இல்லை என்பதால் கணக்கு முடிந்துவிடுவதில்லை. நம்பிக்கைக்கும் முன்னெச்சரிக்கைக்கும் உள்ள உறவை இதைவிடச் சுருக்கமாகச் சொல்வது திர்மிதி தொகுத்த ஒரு நபிமொழி. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்புவதா, கட்டாமல் விட்டு நம்புவதா என்று ஒருவர் கேட்க, கட்டிவிட்டு நம்பும்படி நபிகள் சொன்னதாக அது பதிவு செய்கிறது. கட்டுவது நம்பிக்கைக் குறைவு அல்ல, நம்பிக்கையின் முதல் பகுதி என்பது இதன் பொருள்.

தமிழ் மரபில் வண்டி விபத்தை நேராக எடுத்துப் பேசும் கதை மனுநீதிச் சோழனுடையது. சேக்கிழார் பெரியபுராணத்தில் அதைத் திருவாரூரில் வைத்து விரிவாகச் சொல்கிறார். இளவரசன் வீதிவிடங்கன் தேரில் போகும்போது ஒரு கன்று துள்ளி வந்து சக்கரத்தில் சிக்கி இறக்கிறது. அவன் அறியாமல் நடந்தது அது. மறையோர் சொல்லும் பரிகாரம் செய்தால் போதும் என்று அமைச்சர்கள் கூறுகிறார்கள். மன்னன் ஏற்கவில்லை. தன் மகன்மீது தேர்ச்சக்கரத்தை ஏற்றுகிறான். சிவன் தோன்றி அனைவரையும் உயிர்ப்பிக்கிறான்.

மகனைக் கொல்லும் அந்தத் தண்டனையை இன்று யாரும் முன்மாதிரியாகக் கொள்ள மாட்டார்கள், கொள்ளவும் கூடாது. கதையின் வலிமை வேறிடத்தில் இருக்கிறது. குடிகளுக்கு நேரும் ஐந்து வகை அச்சங்களை மன்னன் எண்ணும்போது, பகைவரையும் கள்வரையும் பிற உயிர்களையும் சொல்வதற்கு முன்னால், தன்னாலும் தன் பரிவாரத்தாலும் வரும் அச்சத்தைச் சேக்கிழார் வைக்கிறார். தன் வீட்டு வண்டியால் பிறருக்கு வரும் ஆபத்தே முதலில் தடுக்க வேண்டியது. இரண்டாவதாக, சடங்கால் கணக்குத் தீர்ந்துவிடும் என்ற யோசனையை மன்னன் மறுக்கிறான். கன்றை இழந்த பசுவின் வேதனை, சடங்கு முடிந்த பிறகும் அப்படியே இருக்கும் என்பது அவன் வாதம்.

அதே திருவாரூரில் ஆழித்தேர் ஓடுகிறது. மரத்தேர்களை நிறுத்துவதும் திருப்புவதும் காலங்காலமாக முட்டுக்கட்டை போடுகிறவர்களின் வேலை. சக்கரம் உருளும்போதே அதன் அடியில் கட்டையைச் செருகி எடுக்கும் கைத்திறன் அது. ஆழித்தேருக்குப் பிற்காலத்தில் திருச்சி பெல் நிறுவனம் இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தியது. தேரில் இறைவனே வீற்றிருக்கிறார் என்று நம்புகிற ஆயிரக்கணக்கானோர் வடம் பிடிக்கிறார்கள். அந்த நம்பிக்கையை வைத்து முட்டுக்கட்டை வேண்டாம் என்று எவரும் சொன்னதில்லை. தெய்வத்தின் வண்டிக்கே கட்டை வேண்டும் என்றால், மணல் ஏற்றிய டிரெய்லருக்கு வேண்டாம் என்பதற்குச் சமயத்தில் இடம் ஏது?

மேலைத் தத்துவத்தில் இந்தக் கேள்வி அறநெறி சார்ந்த அதிர்ஷ்டம் என்ற தலைப்பில் பேசப்படுகிறது. 1976-இல் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் இதைப் பற்றி எழுதிய கட்டுரைகள் விவாதத்தைத் தொடங்கி வைத்தன. தன் தவறு ஏதும் இல்லாமல் ஒரு குழந்தையை ஏற்றிக் கொன்றுவிட்ட லாரி ஓட்டுநர், பார்த்துக்கொண்டிருந்தவர்களைவிட வேறு வகையில் வேதனைப்படுவார், அப்படிப் படுவதே சரி என்றார் வில்லியம்ஸ். நேகல் எடுத்த எடுத்துக்காட்டு பிரேக்கையே தொடுகிறது. பிரேக்கைச் சோதிக்காமல் இரண்டு ஓட்டுநர்கள் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஒருவர் வழியில் குழந்தை குறுக்கே வருகிறது, மற்றவர் வழியில் வரவில்லை. இருவர் செய்த தவறும் ஒன்றே. முதலாமவர் வாழ்நாள் முழுதும் பழி சுமக்கிறார், இரண்டாமவரை யாரும் கேட்பதில்லை. இது நியாயமா?

நேகல் இதை ஒரு புதிராகவே விட்டார். குந்தகுந்தரிடம் இதற்கு விடை இருக்கிறது: இருவரும் ஒரே அளவு இம்சை செய்தவர்கள். இந்த விடை கடுமையானதாகத் தோன்றலாம். உண்மையில் மனிதருக்கு அதிகம் உதவக்கூடியது இதுதான். சாவு நேர்ந்த பிறகு ஒருவரை மட்டும் பிடித்துப் பழிப்பதால் எந்தப் பிள்ளையும் பிழைக்காது. நேராத நாளிலும் பிரேக் சோதிக்காதது தவறுதான் என்று ஒரு சமூகம் கருதத் தொடங்கினால் பிள்ளைகள் பிழைப்பார்கள்.

இந்தியச் சட்டமும் பாதி தூரம் இப்படி வந்திருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு, உரிமம் பெற்றவர் ஓட்டுநர் இருக்கையில் இல்லாமல் வாகனத்தைப் பொது இடத்தில் நிறுத்தி வைக்கக் கூடாது என்கிறது. அப்படி விட்டுப்போக வேண்டுமானால் இன்ஜினை நிறுத்தி, பிரேக் போட்டு, அல்லது வேறு ஏற்பாடு செய்து, ஓட்டுநர் இல்லாதபோது வண்டி தற்செயலாக நகர முடியாதபடி உறுதி செய்திருக்க வேண்டும். யாருக்கும் அடிபடாவிட்டாலும் கடமை கடமையே. பாரதிய நியாய சன்ஹிதாவின் 18-ஆம் பிரிவு, விபத்தால் நேர்ந்ததற்குக் குற்றமில்லை என்று விலக்கு அளிக்கிறது. ஆனால் உரிய கவனத்தோடும் எச்சரிக்கையோடும் செய்த செயலுக்கு மட்டுமே அந்த விலக்கு. கவனம் இல்லாத இடத்தில் விபத்து என்ற சொல்லுக்கே சட்டம் பாதுகாப்பு தருவதில்லை. கதிரடிக்கும் இயந்திரங்களில் கைகளை இழந்தவர்களின் நிலையை எண்ணி 1983-இல் நாடாளுமன்றம் அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றியது. அதன் நோக்கில், பொறுப்பு இயக்குபவரோடு நிற்பதில்லை. தயாரிப்பவருக்கும் விற்பவருக்கும் வேலைக்கு அமர்த்துபவருக்கும் நீள்கிறது.

பொறுப்பு எத்தனை பேருக்கு நீள்கிறது என்பது முக்கியமானது, ஏனென்றால் கவனம் பற்றிய போதனை எளிதாகக் கூலி ஓட்டுநர்மேல் மட்டும் விழுந்துவிடுகிறது. பிரேக் லைனிங் மாற்றக் காசு தராமல் நாளைத் தள்ளியவர் உரிமையாளர். ஓர் இரவுக்குள் நாலு ஏக்கர் சேறடித்து முடிக்கச் சொன்னவரும் அவரே. தூக்கம் கெட்ட ஓட்டுநரின் மறதியில் அவருக்குப் பங்கு உண்டு. மாட்டின் உரிமையாளரைக் கேட்ட யாத்திராகமமும், பரிவாரத்தின் செயலைத் தன் செயலாக எண்ணிய சோழனும் இதை உணர்ந்தே பேசினார்கள். மனிதர் மறப்பார்கள் என்று தெரிந்தே இயந்திரத்தை அமைக்க வேண்டியது தயாரிப்பாளரின் கடமை. ஸ்வீடன் 1959-லேயே புதிய டிராக்டர்களில் கவிழ்ந்தாலும் ஓட்டுநரைக் காக்கும் சட்டகத்தைக் கட்டாயமாக்கியது. கவிழும் ஓட்டுநரைத் திட்டிக்கொண்டிராமல், கவிழ்ந்தாலும் சாகாதபடி செய்த முடிவு அது. அந்நாட்டில் டிராக்டர் கவிழ்ந்து இறப்பவர்களின் எண்ணிக்கை அதன்பின் பெருமளவு குறைந்தது.

பிள்ளைகள் விஷயத்தில் எந்தச் சமயத்துக்கும் இரண்டாம் கருத்து இருக்க முடியாது. பிரிட்டனில் 13 வயதுக்கு உட்பட்டவரை டிராக்டரில் ஏற்றிச் செல்வதை 1998-ஆம் ஆண்டு விதிகள் தடை செய்கின்றன. இங்கே மட்கார்டில் உட்கார வைத்து வயலைச் சுற்றிக் காட்டுவது பாசத்தின் அடையாளமாக இருக்கிறது. பாசம் உண்மையானது, மட்கார்டிலிருந்து பின்சக்கரத்துக்கு உள்ள தூரம் ஒரு சாண் என்பதும் உண்மை.

ஆயுத பூசை நாளில் டிராக்டரைக் கழுவி, சந்தனம் குங்குமம் இட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து எடுப்பது தமிழ்நாடெங்கும் உள்ள வழக்கம். சோறு போடும் கருவிக்குச் செலுத்தும் நன்றி அது, மதிக்கத்தக்கது. கழுவும்போதே பிரேக் மிதிகளின் கொக்கி, ஹேண்ட் பிரேக், ஸ்டார்ட்டர் சுவிட்ச், பி.டி.ஓ. மூடி, ஹைட்ராலிக் சீல் ஆகியவற்றையும் பார்த்துப் பழுது நீக்கினால் அந்த வழிபாடு முழுமை பெறும்.

126-ஆம் பிரிவு பேசுவது பொது இடங்களைப் பற்றி மட்டுமே. சொந்த வயலிலும் களத்திலும் கிணற்றோரத்திலும் நிறுத்தும் வண்டிக்குக் கட்டை வைத்தாயா என்று முன்கூட்டிக் கேட்க எந்த அதிகாரியும் வரமாட்டார். டிராக்டர் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு சக்கரக் கட்டைகளைச் செய்து இருக்கைக்குப் பக்கத்தில் கட்டி வைக்கட்டும். ஓட்டுகிறவர்கள் இறங்கும்போது சாவியை வண்டியில் விடாமல் மடியில் எடுத்துக்கொண்டு இறங்கட்டும்.